ஸ்டாண்டு போட்ட வண்டிகள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மறுநாள் அக்காவின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. ஹோட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. வண்டியை எடுக்கும் முன் கம்பெனியின் ஆப் முகத்தைக் காட்டு என்றது, காட்டினாள். இது நீங்கள் இல்லை, கணக்கை யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. எப்படி இருக்கிறது நியாயம்! முறையிட்டாள், பதில் சொன்னதும் அதே மெஷின்தான்.

"எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு" என்று புருஷன் சிரித்தான். அவளுக்குச் சிரிக்க வாயும் வரவில்லை, மனசும் வரவில்லை. அவள் வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

வழக்கமாக வண்டிகள் நிற்கும் ஹோட்டல் வாசலில் போய்ப் புலம்பினாள். அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். யார் வண்டி பஞ்சரானாலும் முதலில் ஓடி வருகிறவள். ஊமை என்று பட்டப்பெயர் வாங்கியவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம், முழுக்கக் கேட்டுக்கொண்டான். தன் போனில் வந்த ஆர்டரை எடுத்தான். பார்சலை வாங்கிப் பையில் வைத்து, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மற்றவர்களுக்குப் பொறி தட்டியது. இந்தத் தொழிலில் கதறி அழுதாலும் ஆள் வராது. ஆர்டரை எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றால் மட்டும் ஆபீசிலிருந்து மனுஷக் குரல் கூப்பிடும். ஒவ்வொருவராக ஆர்டர் எடுத்தார்கள், ஸ்டாண்டு போட்டார்கள். தங்கள் பிழைப்புக்கே ஆபத்து என்று தெரிந்தேதான் போட்டார்கள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். யார் கேட்டார்கள்!

ஊமையின் போன்தான் முதலில் அடித்தது. ஏன் கிளம்பவில்லை என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"எங்க அக்கா மொகத்த நீங்க ஒரு தடவ பாருங்க மேடம். அப்புறம் கெளம்பறேன்" என்றான். அவன் அத்தனை நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

போனை வீடியோவுக்கு மாற்றி அக்கா பக்கம் திருப்பினான். அந்தப் பெண் பழைய போட்டோவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பல்லு புடுங்கினீங்களாக்கா?"

அவ்வளவுதான், பூட்டு திறந்தது. வண்டிகள் பறந்தன. என்ன மனுஷர்கள் இவர்கள் என்று அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஊமை, அக்காவிடம் போனை நீட்டினான். எல்லாரையும்விட அதிக நேரம் வேண்டுமென்றே தாமதம் செய்தான் என்று மெஷின் அவன் கணக்கைப் பூட்டியிருந்தது. போனால் போகிறது என்பதுபோல் தலையை ஆட்டினான்.

அப்போது அக்காவின் போனில் ஆர்டர் வந்தது. எடுத்தாள். உள்ளே போய்ப் பார்சலை வாங்கி வந்தாள். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, போன் அடிக்கட்டும் என்று உட்கார்ந்தாள்.