புகையிலைக் கொட்டிலில் அமெரிக்கக்காரி

"ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு பங்குனி மாதம், அமெரிக்கா தேசத்து நாவலொன்று யாழ்ப்பாணத்தில் மரணமடைந்தது என்பதை இச்சபைக்கு அறியத் தருகிறேன்."

கல்லூரித் தர்க்க சங்கத்தில் சீவரத்தினம் இப்படிச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. செத்த வீட்டுக்குச் சொல்ல வந்தவனைப்போல நின்றான்.

நாவல் ஐம்பது வருசப் பழசு. புருசனையும் கோதுமை வயலையும் விட்டுவிட்டு ரயிலேறிப் போன மார்த்தா என்பவளின் கதை. பாதிரிமார் கண்டித்தார்கள். அச்சான ஊரிலேயே சந்தியில் போட்டுக் கொளுத்தினார்கள். கொளுத்தின கையோடு அடுத்த ஊர்க்காரர் வாங்கினார்கள். கல்லூரிப் புத்தகசாலைப் பிரதி கைமாறிக் கைமாறி மட்டை கழன்று, வாழைநாரால் கட்டப்பட்டு இன்னும் ஓடித் திரிந்தது.

"நீர் அதை வாசிச்சனீரோ?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து அடைக்கலநாதன் கேட்டான்.

"சாணியை மிதித்துப் பார்த்தா மணம் அறிய வேண்டும்?" என்றான் சீவரத்தினம். "கோயிலிலே ஒருவர் புராணம் படிக்க மற்றவர் பொருள் விரித்துப் பயன் சொல்லுகிறார். அது முறை. புருசனை விட்டு ஓடினவளின் கதைக்கும் புத்தி பேதலித்துப் பயன் சொல்லுகிற விசரர் சண்டிலிப்பாயில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இச்சபை ஒரு நிமிடம் எழுந்து நிற்கட்டும்."

சபை எழுந்து நின்றது.

இவ்வளவு கோபமும் ஒழுக்கத்தின் பொருட்டென்று சபையோர் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், சீவரத்தினமும் ஒரு நாவல் எழுதியிருந்தான். 'மரகதபூஷணி அல்லது கற்பின் வெற்றிக்கொடி' என்று பெயர். அதை மாமன் நமசிவாயத்தின் மகள் அருந்ததியிடம் தைப்பொங்கலன்று கொடுத்தான். அவள் பள்ளிக்கூட ரீச்சர். அவள் முழுக்கப் படித்து, "நல்லாயிருக்கு அத்தான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மிச்ச உலகத்தை அவன் மன்னித்துவிடுவான். அவளோ பங்குனி பிறந்தும் முதலாம் அத்தியாயம் தாண்டவில்லை. தாண்ட விடாமல் மறித்து நின்றவள் மார்த்தா.

சண்டிலிப்பாயிலே பயன் சொல்லுகிற அந்த விசரி அருந்ததிதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் தகப்பனின் புகையிலைக் கொட்டிலுக்கு வந்துவிடுவாள். அங்கே கூலிக்கு வந்த சின்னாச்சியும் பூரணமும் புகைபோட்டு இறக்கின இலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அருந்ததி இங்கிலீசில் ஒரு பந்தி படிப்பாள். பிறகு பயன் சொல்லுவாள். அந்த ஊரிலே வானத்திலிருந்து வெள்ளையாய்க் கொட்டுவது என்னவென்று பூரணம் கேட்டால், "அரிசிமா அரிக்கிற மாதிரியடி, ஆனால் தொட்டால் கை விறைக்கும்" என்பாள். அமெரிக்கா முழுவதும் அந்தக் கொட்டிலுக்குள் வந்து குந்தியிருந்தது.

அன்று பின்னேரம் சீவரத்தினம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தன் நாவலோடு உள்ளே போனான்.

"இண்டைக்கு ஒரு நாளைக்குத் தமிழிலை கேளுங்கோவன். பயன் சொல்லத் தேவையில்லை."

"அதுக்கென்ன, படியுங்கோ தம்பி" என்றாள் சின்னாச்சி.

அவன் படித்தான். மரகதபூஷணி பூங்காவில் உலாவினாள். சந்திரனை விளித்துப் பேசினாள். தோழிக்குப் பதிவிரதா தர்மத்தைப் பகுதி பகுதியாக எடுத்துரைத்தாள். பூரணம் கொட்டாவியை இலையால் மறைத்தாள்.

"தம்பி, ஒரு கேள்வி. உந்தப் பெட்டை சமைக்கிறேல்லையோ?" என்றாள் சின்னாச்சி.

"அவள் ராசகுமாரி, ஆச்சி."

"ராசகுமாரிக்கும் பசிக்குமெல்லோ? கோவம் வருமோ?"

"வராது. அவள் உத்தமி."

"பாவம்" என்றாள் சின்னாச்சி, மனதார. உடனே அருந்ததி பக்கம் திரும்பினாள். "பிள்ளை, அந்த மார்த்தா ரயிலடியிலை நிண்டவளெல்லோ? ஏறினவளோ?"

அருந்ததியின் கை தானாகவே வாழைநாரை அவிழ்த்தது. அந்த முகமலர்ச்சியைச் சீவரத்தினம் பார்த்தான். அவனுக்குள் முளைத்தது அறுகம்புல்லுப் போன்ற பொறாமை. பிடுங்கப் பிடுங்க வேர் விட்டது. தன் எதிரியான அந்த அமெரிக்கக்காரன் ஐம்பது வருசத்துக்கு முந்தி எழுதிவிட்டுச் செத்தும் போயிருப்பான். செத்தவனோடு எந்தச் சந்தியில் சண்டை பிடிப்பது?

"லைப்ரரியிலை அதைக் கேக்கினம்" என்றான். பொய் சொல்லும்போது அவன் முகம் இன்னும் நேர்மையாக இருக்கும். "இண்டைக்கே குடுக்க வேணும்."

"இன்னும் ரண்டு அதிகாரம்தானே கிடக்கு, அத்தான்!"

"அதுக்கு நான் என்ன செய்ய? சட்டம்."

அவள் புத்தகத்தைக் கொடுத்தாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தன் வீட்டுக்கு, இணுவிலுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்துக் கிணறு. அதற்குள் எறிவதென்றுதான் இறங்கினான். எறியுமுன் குற்றம் கண்டுபிடித்து வைத்தால் அடுத்த கூட்டத்துக்கு உதவுமே என்று கிணற்றுக்கட்டில் குந்தி, கடைசி அதிகாரங்களைப் பிரித்தான். இரண்டு வரியில் ஒரு குற்றம் அகப்பட்டது. மூன்றாம் வரியில் குற்றம் தேடுகிற எண்ணம் போய்விட்டது. துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க வந்த தோட்டக்காரர், "தம்பி, கொஞ்சம் எழும்பும்" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளைப் பிடித்துத்தான் எழுப்பினார். சீவரத்தினம் வேலியோரம் போய் நின்றபடியே மிச்சத்தை முடித்தான். முடித்துவிட்டு, முதலாம் பக்கத்துக்குப் போனான்.

மறுநாள் பின்னேரம் அவன் கொட்டிலுக்கு வந்தது மாமனைப் பார்க்கிற சாக்கில். மாமன் தோட்டத்தில் நிற்கிறார் என்று தெரிந்துதான் வந்தான். அருந்ததி இன்னும் வரவில்லை. உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மார்த்தா திரும்பி வந்திருப்பள்" என்றாள் சின்னாச்சி. "மாடு கறக்க ஆரிருக்கினம்?"

"இல்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்து செத்திருப்பள். அப்பிடித்தான் எழுதுவினம். போனவளைச் சும்மா விடுவினமோ?" என்றாள் பூரணம்.

"நீ சாக்காட்டாதை!"

புத்தகத்தைப் பிடுங்கியும் மார்த்தா கொட்டிலைவிட்டுப் போகவில்லை. சீவரத்தினம் கொட்டிலின் கப்புத் தூணோடு சாய்ந்து நின்றான். சின்னாச்சி மார்த்தாவைப் புருசன் காலில் விழுத்தினாள், பொறுத்தான். பூரணம் அவளை ஆற்றில் தள்ளினாள்.

"சாகேல்லை" என்றான்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"நீங்கள் வாசியாத புத்தகமெல்லோ தம்பி?"

"வாசியாதது எண்டால்... ஒரு இடம் மட்டும் பார்த்தனான்."

"அப்ப அந்த இடத்தைச் சொல்லுங்கோவன்."

அவன் அணிந்திருந்த சேட்டுக்குள்ளிருந்து புத்தகம் வெளியே வந்தது. அவன் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தான்; தர்க்க சங்கத்தார் ஒருவரும் இல்லை. சின்னாச்சி ஒரு புகையிலைக் கட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் அதன்மேல் இருந்து, தொண்டையைச் செருமி, இங்கிலீசில் ஒரு வரி படித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அதாவது என்னெண்டால், ரயில் வெளிக்கிட்டிட்டுது. அவள் யன்னலாலை பாக்கிறாள். வயல் பின்னாலை போகுது. அழுகை வருமெண்டு இருந்தவள், வரேல்லை. பசிதான் வருகுது..."

"பாத்தியோ, பசிக்குது!" என்று பூரணத்தின் தொடையில் தட்டினாள் சின்னாச்சி.

அருந்ததி எப்போது வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது அவள் எதிரில் குந்தியிருந்தாள். இலை அடுக்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரகதபூஷணி பூங்காவில் உலாவிய நேரமெல்லாம் அவன் ஏங்கியிருந்த பார்வை அது. அது தனக்கல்ல, எங்கோ ஒரு அமெரிக்கக்காரனுக்கு என்பது அவனுக்குத் தெரிந்தது. அறுகம்புல்லு மறுபடி வேர் விட்டது.

"பிறகு?" என்றாள் அருந்ததி.

அவன் பக்கத்தைத் திருப்பினான்.