பின்சீற்றுக் கவர்

சாய்ந்தமருதில், சீனிமுகம்மது ஹாஜியாரின் வீட்டு வளவுக்குள், அவருடைய காரை ஓட்டுகிற றமீஸ் அதன் பின்சீற்றுக்குக் கவர் போட்டுக்கொண்டிருந்தான். கறுப்பு றெக்சின் கவர். முதலில் மூன்று பெல்ட்டுகளையும் இழுத்து மடித்துச் சீற்றின் இடுக்குக்குள் திணிக்க வேண்டும். பெல்ட்டைப் பூட்டுகிற கொளுக்கிகளையும் உள்ளே தள்ள வேண்டும். பிறகு கவரை மேலிருந்து இறக்கி, முழங்காலால் சீற்றை அமுக்கிக்கொண்டு, அடியில் இருக்கிற கம்பியில் இலாஸ்ரிக்கை மாட்ட வேண்டும். அந்தக் கம்பி அவனுடைய பெருவிரலைக் கிழிக்காத நாள் குறைவு. கவர் போட்டு முடிந்தால் பின்சீற்றில் பெல்ட் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே தெரியாது.

ஒவ்வொரு காலையும் போடுவான். அறுகம்பேக்குப் போய்ச் சேர்ந்ததும் கழற்றுவான். ஹாஜியாருக்கு அங்கே கடலோரமாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருந்தது. அறை கூட்டித் துடைக்கவும் விரிப்பு மாற்றவும் பொத்துவில் பெண்கள் சீசனில் கூடுதல் கூலி கேட்கிறார்கள் என்று, ஊரிலிருந்தே பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் பின்வாசலில் இறங்கி உள்ளே போன பிறகு கவர் கழலும், பெல்ட்டுகள் வெளியே வரும், சீற்றில் வாசனைத் தண்ணி தெளிக்கப்படும். அதற்கு மேல் அந்தக் கார் வெள்ளைக்காரருக்கு. பின்னேரம் பெண்களைத் திருப்பி ஏற்றுவதற்கு முதல் மறுபடியும் கவர்.

போன வருசம் ஒரு வெள்ளைக்காரப் பெண், காரின் பின்பக்கம் பெல்ட் வேலை செய்யவில்லை என்று இன்டர்நெட்டில் எழுதிவிட்டாள். ஹாஜியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த நாளே மூன்று பெல்ட்டையும் கழற்றிக் கழுவி, பூட்டுகளைப் புதிதாக மாற்றினார். வெள்ளைக்காரர் ஏறினால் பெல்ட் போட்டுவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும், அறுபதுக்கு மேல் ஓடக்கூடாது, போன் எடுக்கக்கூடாது என்று றமீசுக்குக் கட்டளை. எல்லாம் நல்ல கட்டளைதான். காலைப் பயணத்தில் அதில் ஒன்றுமே கிடையாது.

ஒருநாள் றமீஸ் வேண்டுமென்றே கவர் போடாமல் காரை வெளியே எடுத்தான். கேற்றடியில் ஹாஜியார் நின்றார்.

"என்ன மனெ, கவர் எங்க?"

"இல்ல ஹாஜி, பொம்புளையளும் பெல்ட்டப் போட்டுக்கிட்டா நல்லம் எண்டு பாத்தன். தூரப் பயணம்."

ஹாஜியார் சிரித்தார். "வேர்வையும் கிளீனிங் மருந்துமா வந்து ஏறுவாளுகள். அந்தச் சின்னப் புள்ள சத்தி எடுக்கிற. மறுகா அதில வெள்ளக்காரன் இரிப்பானா? போடு மனெ, போடு. இவ்வளவு நாளும் அல்லா காப்பாத்தினான்தானே."

றமீஸ் போட்டான். பெண்களிடம் அவன் இதைச் சொல்லவில்லை. நீங்கள் குந்தியிருக்கிற இடத்துக்குக் கீழே பெல்ட் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கில்லை என்று மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையிலும் வழக்கம்போல முதலில் பாண்டிருப்புக்குப் போய்க் கிருபாமலரையும், ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வேலைக்கு வந்திருந்த யதுசாவையும் ஏற்றினான். திரும்பி வந்து சாய்ந்தமருதில் றுகையாவையும் பஸ்னாவையும் ஏற்றினான். கிருபாமலர் எல்லோருக்கும் மூத்தவள், முன்சீற் அவளுக்கு. முன்சீற்றில் பெல்ட் இருந்தது, ஏனென்றால் முன்சீற்றைப் பொலிஸ் பார்க்கும். பின்னால் யதுசாவுக்கு ஜன்னல் வேண்டும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும். பஸ்னாவுக்கும் ஜன்னல் வேண்டும், அவளுக்குக் கடல் பார்க்க வேண்டும். நடுவில் எப்போதும் றுகையா. கணவன் மௌத்தான பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை அந்த அறை துடைக்கிற சம்பளத்தில்தான் வளர்த்தாள். காலை முழுக்கக் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்வாள், இடுப்பு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"தம்பி, மாட்டு வண்டிலும் நம்மள முந்திப் போயிரும் போல கிடக்கு," என்றாள் கிருபாமலர்.

"அவன் மெல்ல ஓடட்டும் கிருபாக்கா," என்றாள் றுகையா பின்னாலிருந்து. "ரூம் எங்கயும் ஓடாது. நம்மளுக்காகத்தான் பாத்துக்கிட்டு இரிக்கி."

அக்கரைப்பற்றைத் தாண்டும்போது போன் அடித்தது. ஹாஜியார் முதல் நாளே அறுகம்பேக்குப் போய்விட்டிருந்தார். றமீஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க நிக்கிறாய்?"

"அக்கரைப்பத்து ஹாஜி."

"இன்னும் அக்கரைப்பத்தா? ரூமெல்லாம் அப்பிடியே கிடக்கு. புது ஆக்கள் பையோட வாசல்ல நிக்கிறானுகள். அமத்திக்கிட்டு வா."

திருக்கோயிலில் ஒரு தரம் அடித்தது. கோமாரிக்குக் கிட்ட இன்னொரு தரம். "என்ன மனெ, படுத்துக் கிடந்து ஓடுறியா? அமத்து!" காருக்குள் இருந்த நாலு பெண்களுக்கும் அது கேட்டது. றமீஸ் அக்சிலேற்றரை அமத்தினான்.

றோட்டோரப் பற்றைக்குள்ளிருந்து எருமைக் கன்று ஒன்று பாய்ந்து வந்தது. றமீஸ் பிறேக்கை மிதித்தான். கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மதகுக் கட்டில் மோதி நின்றது. றமீசையும் கிருபாமலரையும் பெல்ட் பிடித்துக்கொண்டது. யதுசாவும் பஸ்னாவும் முன்சீற்றுகளின் முதுகில் போய் முகத்தை அடித்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த றுகையாவுக்கு முன்னால் சீற்று இல்லை. இரண்டு முன்சீற்றுக்கும் நடுவால் அவள் முன்னுக்கு வந்து விழுந்தாள், ஒரு கால் பின்னாலேயே மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் றமீசுக்குத் தெளிவாகக் கேட்டது. எருமைக் கன்று மதகுக்கு அங்கால் புல் மேயப் போய்விட்டது.

றுகையாவுக்குத் தொடை எலும்பு முறிவு, இடுப்பிலும் உடைவு. யதுசாவுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டன. பஸ்னாவுக்கு நெற்றியில் தையல். றுகையாவின் காலுக்குள் தகடு வைக்க வேண்டும் என்றார் டொக்டர். நடப்பாள், ஆனால் குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலையை இனி மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கிருபாமலருக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட் இருந்த இடம் கன்றியிருந்தது, அவ்வளவுதான்.

றமீசை அன்று பின்னேரம் வரை பொலிஸில் வைத்திருந்தார்கள். ஹாஜியார் வந்து கதைத்ததும் விட்டார்கள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில், நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்காக றமீசும் கிருபாமலரும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜியார் வெள்ளை உடுப்போடு வந்தார். மனைவி பின்னால் அப்பிள் பையோடும் பால்மாப் பெட்டியோடும் வந்தாள். மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு, றமீசின் தோளில் கைபோட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பொலிஸ் இப்ப வாட்டுக்கு வருவாங்க. கேட்டா இப்பிடிச் செல்லு. நான் பெல்ட்டப் போடச் சென்னன், பொம்புளையள் கேக்கல்ல. அவ்வளவுதான். உனக்கும் கேஸ் குறையும். இன்சூரன்சும் பேசாமக் காசத் தரும். காரும் ஓடும், உன்ட வேலயும் இரிக்கும்."

"பெல்ட் கவருக்குள்ள கிடந்த ஹாஜி."

ஹாஜியார் குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.

"எந்தக் கவர்?" என்று கேட்டார்.

றமீசுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கையை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினான்.

"எந்தக் கவரா? நாளும் பொழுதும் இந்தக் கையால மாட்டின கவர். பாருங்க இந்த விரல!"

"சத்தம் போடாத, இது ஆஸ்பத்திரி."

"கழட்டி எடுத்துட்டீங்களா? அந்த மனிசி கால் முறிஞ்சு கிடக்கக்குள்ள நீங்க கவரக் கழட்டவா போன?"

"நீ பறந்த பறப்ப நான் பொலிசுக்குச் செல்லட்டா?"

"அமத்தச் சொன்னது நீங்க!"

"நானா?" ஹாஜியார் கைக்குட்டையால் கையைத் துடைத்தார். "மெல்லமா வா எண்டுதான் நான் எப்பயும் செல்லுற. ஊருக்கே தெரியும். யோசி மனெ. உனக்கும் புள்ள குட்டி இரிக்கி."

கிருபாமலர் வாங்கிலிருந்து எழும்பி வந்துவிட்டிருந்தாள். "பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் எண்டது இதுதான் ஹாஜியார்," என்றாள். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பார்வையாளர் மணி அடித்தது.

வாட்டில் றுகையாவின் கால் உயரக் கட்டப்பட்டிருந்தது. முகம் ஒரு பக்கம் நீலமாக வீங்கிக் கண் மூடிக்கிடந்தது. ஹாஜியாரின் மனைவி பக்கத்தில் இருந்து அவளுடைய கையைத் தடவிக்கொண்டிருந்தாள். முதல் நாளும் வந்து இருந்தாளாம். கட்டில் காலடியில் பொலிஸ்காரர் ஒருவர், கையில் எழுதுகிற மட்டையோடு நின்றார். தமிழ் நன்றாகக் கதைத்தார்.

றமீஸ் நேரே அவரிடம் போனான். "சேர், பின்சீற்றுப் பெல்ட்ட நான்தான் கவரால மூடி வெச்சிருந்த. ஹாஜியார்ட கட்டள. வெள்ளக்காரருக்கு மட்டும்தான் திறக்கிற. இவங்களுக்கு அங்க பெல்ட் இரிக்கிறதே தெரியா."

"கார நான் பாத்திட்டுத்தான் வாறன்," என்றார் பொலிஸ்காரர். "மூண்டு பெல்ட்டும் வெளியிலதான் தொங்குது. கவர் எண்டு ஒண்டுமில்ல."

"இருந்த சேர்!" கிருபாமலரின் சத்தத்தில் பக்கத்துக் கட்டில் பெண் எழும்பிவிட்டாள். "கறுத்த கவர். வெயிலுக்கு முதுகெல்லாம் ஒட்டும். யதுசாவக் கேளுங்க, பஸ்னாவக் கேளுங்க. நான் முன்னுக்குப் பெல்ட்டோட இருந்த படியா இண்டைக்கு நிக்கிறன். பின்னுக்கு இருந்ததுகளப் பாருங்க."

"கத்தாதீங்க அம்மா. உங்களையும் கேப்பன்." பொலிஸ்காரர் றமீசைப் பார்த்தார். "வேகமா ஓடினீங்களா?"

"ஓம் சேர். ஹாஜியார் போன்ல அமத்தச் சொல்லிக்கிட்டே வந்தார். ஆனா ஓடினது நான்தான். அது என்ட பிழ."

பொலிஸ்காரர் அதை எழுதினார். கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு கட்டில் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, சத்தத்தை இறக்கிக் கேட்டார்.

"அம்மா, பெல்ட் ஏன் போடல்ல?"

றுகையா திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் எல்லோரையும் பார்த்தாள். ஹாஜியாரின் மனைவி கையைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"பின்னுக்குப் பெல்ட் இருந்தாமே சேர்," என்றாள் றுகையா. வீங்கிய உதட்டால் சொல் மெல்ல வந்தது. "ஹாஜியாரம்மா நேத்துத்தான் சென்னா. நான் காணல்ல. நான் தேடியும் பாக்கல்ல. கார்ல ஏறிப் பழக்கமில்லாத ஆக்கள் நாங்க."

"ராத்தா, அது மூடிக் கிடந்த!" றமீஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "உங்கட பிழ இல்ல ராத்தா! நான்தான் மூடின!"

"அவன ஏசாதீங்க சேர். நல்ல புள்ள." அவள் கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி, கதவடியில் வந்து நின்ற ஹாஜியாரைத் தேடினாள். கண்டதும் தலையில் கிடந்த முந்தானையை இழுத்துச் சரிப்படுத்தினாள்.

"ஹாஜியார், கோவிச்சுக்காதீங்க. உங்கட காரும் போயிற்று. சீற்றெல்லாம் என்ட ரெத்தமாக் கிடக்கும். கால் சரியானா நானே வந்து கழுவித் தாறன். வேலய மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துராதீங்க."

கிருபாமலர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஹாஜியார் கட்டிலுக்குக் கிட்ட வந்தார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. "அதெல்லாம் யோசிக்காதீங்க புள்ள," என்றார் இரக்கமாக. "நேத்துப் பின்னேரமே ஆள் வெச்சி எல்லாத்தையும் கழுவியாச்சி."

றமீஸ் பொலிஸ்காரரைப் பார்த்தான். பேனை மட்டைக்கு மேலே அப்படியே நின்றது. பொலிஸ்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார், பிறகு பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.