பிஜியின் சில்லுகள்

பாறசாலை வீட்டின் முன்னறையில் நேசையனை ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். மகன் விபின் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம். மகள் பிஜி தலைமாட்டில் உட்கார்ந்து, பெட்டியில் ஒளிர்ந்த வெப்பநிலை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன பிறவியோ!

"ஒரு சொட்டு வரல்லியே," என்று பெண்கள் குசுகுசுத்தது அவளுக்கும் கேட்டது. கேட்டும் ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளியது போலிருந்தது.

அவள் வேலையை ஊரில் யாருக்குச் சொல்லி விளங்கவைக்க? ஜெர்மனியில் ஓர் ஆய்வகம். துகள்களை மோதவிட்டுப் பார்க்க இனிமேல்தான் கட்டப்போகிற ராட்சத இயந்திரம். அதற்குள் துகள் ஓடிய தடத்தைப் பிடிக்கிற சிலிக்கான் பிக்சல் சில்லுகளை உருவாக்குவதுதான் அவள் பாடு. கதிர்வீச்சை எத்தனை காலம் தாங்கும் என்றறிய, சில்லுகளை இப்போதே அதில் வாட்டி எடுப்பார்கள். பிறகு கடுங்குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் உள்ளே பட்ட சேதம் உருமாறிவிடும், அளந்தும் பயனில்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்று அவள் ஓடிவந்தபோது, ஆராய்ச்சி மொத்தமும் அங்கே ஒரு குளிர்பெட்டியில் இருந்தது.

சபைப் போதகரான ஐயர் ஜெபத்தைத் தொடங்கியபோது போன் அதிர்ந்தது. உடன் வேலை செய்பவள் செய்தி அனுப்பியிருந்தாள். விடுமுறையில் குளிர்பெட்டி நின்றுபோயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, சில்லுகள் எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டன, மன்னித்துவிடு.

பிஜி வாய்விட்டு அழுதாள். ஜெபமே நின்றுவிட்டது. நேசையனின் தங்கை தங்கபாய் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"கரஞ்சிரு மக்கா, நல்லா கரஞ்சிரு. போனது அப்பனாக்கும்."

சுற்றியிருந்த பெண்களுக்கு அப்பாடா என்றிருந்தது. பிஜிக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. நகத்தளவு சிலிக்கானுக்கு வந்த கண்ணீர் பெற்ற தகப்பனுக்கு வரவில்லையே. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

விபின் வந்தான். பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரே வந்து அவள் தோளில் முகம் புதைத்தான்.

"நீ கரஞ்சேன்னு தங்கபாய் மாமி சொன்னாவ. எனக்கு ஒண்ணுமே வரல்ல பிஜி. நான் மனுசன்தானா?"

முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஊரே நம்பியாயிற்று.

"எனக்கும் வரல்ல அண்ணா," என்றாள் அவன் காதோரம். "நான் கரஞ்சது என் ஆராய்ச்சி பாழாப் போனதுக்காக்கும். அப்பாவுக்கு இல்ல."

அவன் விலகவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஆரிட்டயும் சொல்லாண்டாம்," என்றான்.