முதல் மணியிலேயே எடுப்பவர்

பந்தல்குடியில் தனுஷ்கோடியின் பலசரக்குக் கடைத் தொலைபேசி இரண்டாம் முறை ஒலித்ததை எவரும் கேட்டதில்லை. முதல் மணி அடங்குவதற்குள் அவர் எடுத்துவிடுவார். அழைத்தவரைக் காக்கவைப்பது கடைக்கு மரியாதையன்று என்பது அவர் கொள்கை.

கடையின் பின்கட்டே வீடு. அதே இணைப்பிலிருந்து பிரிந்த இன்னொரு கம்பி, அவர் மனைவி சௌந்தரத்தின் கணினி மேசைவரை சென்றது. சௌந்தரம் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் அவுரி இலையை வாங்கித் தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஒருவருக்கு அனுப்பிவந்தார். 2001ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த ஏற்றுமதியாளர் புது விதி வகுத்தார்: விலைப்புள்ளி பேக்ஸில் வர வேண்டும், மாலை நான்குக்குள் வர வேண்டும். முதல் தடவை சௌந்தரம் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, பேக்ஸ் கடையில் வரிசையில் நின்று அனுப்பியபோது நாலேகால். அந்த லோடு காரியாபட்டிக்காரர் ஒருவருக்குப் போயிற்று. இன்னொரு முறை தவறினால் பட்டியலிலிருந்தே பெயரை நீக்கிவிடுவதாக ஏற்றுமதியாளர் சொல்லியிருந்தார்.

ஆகவே இன்று அருப்புக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஜேசுராஜ் ஒரு பேக்ஸ் மோடத்துடன் வந்திருந்தார். கணினியின் மூடியைக் கழற்றி, மோடம் அட்டையை உள்ளே அழுத்திப் பொருத்தி, திருகை முடுக்கி, தொலைபேசிக் கம்பியை அதன் முதுகில் செருகினார். மணி இரண்டரை.

"டைப் அடிச்சது அப்படியே போயிருமா? தாளே வேண்டாமா?" என்றார் சௌந்தரம்.

"தாளு அந்தப் பக்கந்தான்க்கா வரும்."

அனுப்பினார்கள். மோடம் டக்டக்கென்று எண்களைச் சுழற்றத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினார் ஜேசுராஜ். மறுபடியும் பாதியில் நின்றது. வேறோர் இடத்தில் பொருத்தியும் அதே கதி. மணி மூன்றைத் தாண்டியது.

"மோடம் கோளாறா, ஜேசுராசு?"

"சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாப்போம்க்கா."

மோடத்தின் ஒலியைக் கூட்டிவிட்டு நான்காம் முறை அனுப்பினார்கள். இரண்டு எண்கள் சுழன்றன. பிறகு கணினி தெளிவான தமிழில் பேசியது:

"வணக்கம், தனுஷ்கோடி ஸ்டோர். சொல்லுங்க."

ஜேசுராஜ் சௌந்தரத்தைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுக்காரவுக குரலு" என்றார் சௌந்தரம்.

இருவரும் கடைக்கு வந்தபோது தனுஷ்கோடி ரிசீவரை முறைத்துக்கொண்டிருந்தார். "எவனோ மத்தியானத்துல இருந்து 'டிங்'குனு ஒரு அடி அடிச்சுட்டுப் பேச மாட்டேங்கான்."

"நாங்கதான் அண்ணாச்சி. உள்ள நம்பரு சுத்துறப்ப இங்க மணி லேசாத் தட்டுது. நீங்க எடுத்தா எங்க லைனு கெட்டுப்போகுது. இந்த ஒயரைக் கழட்டிரவா?"

"கடையில போனு இல்லாமலா? நான் எடுக்கல, போ."

"எடுக்க மாட்டீகளா? நீங்களா?" என்றார் சௌந்தரம்.

தனுஷ்கோடி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். தொலைபேசி டிங் என்றது. டிங் டிங் என்றது. அவர் தோள்கள் மட்டும் அசைந்தன. மூன்று நாற்பதுக்கு விலைப்புள்ளி தூத்துக்குடி சேர்ந்தது.

"பதிலும் பேக்ஸிலதான் வரும். நாலாவது தடவை அடிக்கயில மோடமே எடுத்துக்கிரும். அதுவரைக்கும் தொடாதீக" என்று சொல்லிவிட்டுச் சௌந்தரம் உள்ளே போனார்.

சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. சீயக்காய் வாங்க வந்திருந்த லாரி ஓட்டுநர் வீரபத்திரன், "அண்ணாச்சி, போனு அடிக்குது" என்றார்.

"கேக்குது."

இரண்டாம் முறை ஒலித்தது.

"உடம்புக்கு எதுவும் முடியலையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

மூன்றாம் முறை ஒலித்தபோது வீரபத்திரன் பொறுக்காமல் கையை நீட்டினார். தனுஷ்கோடி அந்த மணிக்கட்டைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டார். நான்காம் மணி பாதியில் நின்றது. உள்ளிருந்து கீச்சொலியும், இரண்டு நிமிடம் கழித்துச் சௌந்தரத்தின் குரலும் வந்தன: "விலைக்குச் சம்மதமாம். லோடு நமக்குத்தான்."

வீரபத்திரனின் கை விடுபட்டது. அவர் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் மறுபடியும் தொலைபேசி அடித்தது. முதல் மணி முடியவில்லை. ரிசீவர் தனுஷ்கோடியின் காதில் இருந்தது. பேசியவர் ஏற்றுமதியாளர், பேக்ஸ் கிடைத்ததா என்று கேட்டார்.

"கிடைச்சிட்டுங்க" என்றார் தனுஷ்கோடி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்ன நீங்க கூப்பிடயில நாலு தடவை அடிக்க விட்டுட்டோம். தப்பா நினைச்சுக்கிறாதீக."