சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத் தசரா அன்று, புனே பக்கத்து நிக்டியில் எங்கள் வீட்டில் அதை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

அதற்குள் என் ஆய்வேடு இருந்தது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி நான்கு வருஷம் வீடு வீடாக அலைந்து, கல்லூரிப் பாடத்துக்கும் சமையலுக்கும் நடுவே எழுதியது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். முதல் நான்கு அத்தியாயங்கள், வழிகாட்டியின் சிவப்பு மையோடு காகிதத்திலும் இருந்தன. ஐந்தாவதுதான் உயிர். அது கம்ப்யூட்டரிலும் ஒரு ஃப்ளாப்பியிலும் மட்டுமே இருந்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. என் கணவர் ரங்கராஜன் தேஹு ரோடு ராணுவத் தளவாட டெப்போவில் அதிகாரி. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பதில் ராணுவத்தைவிடக் கறார். ஸ்கூட்டருக்கு மாலை, மிக்ஸிக்குக் குங்குமம், மானிட்டருக்கு நெற்றி நிறையச் சந்தனம். ஃப்ளாப்பிக்கும் அவர் ஒரு பொட்டு வைத்ததைப் பார்த்தேன். பலகையில் நிற்காமல் சறுக்குகிறது என்று அதைக் கம்ப்யூட்டரின் வாயிலேயே செருகிவிட்டதை நான் பார்க்கவில்லை.

காலையில் புனர்பூஜை முடிந்ததும் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்தவும் என்று இங்கிலீஷில் சொன்னது. நான் அதைப் படித்தேன். அன்றைக்கு அதைப் படித்தது நான் மட்டும்தான்.

"ஏன்னா, இதுல ஏதாவது டிஸ்க் போட்டேளா?"

"நீ எதையும் தொடாதே கோதை. ஹரிக்கு ஃபோன் பண்றேன்."

ஹரிபிரசாத் அவருடைய தம்பி. அந்த நாளில் புனேயில் குடும்பத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் பிள்ளை இருந்தான், எங்கள் பங்குக்கு இவன். ஆபீஸில் இவன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் வேறொருவன் வந்துதான் சரிசெய்வான். ஆனால் "தெரியாது" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் கல்யாணச் சந்தையில் மதிப்பு என்னாவது?

ஔந்திலிருந்து பைக்கில் வந்தான். ஒரு கையில் தசராவுக்கு இங்கே பொன் என்று கொடுக்கும் ஆப்டா இலை, மறு கையில் சிடி பை. திரையைப் பார்த்தான். படிக்கவில்லை.

"விண்டோஸ் கரப்ட் ஆயிடுத்து மன்னி. பக்கா வைரஸ். ஃபார்மேட் பண்ணிடலாம்."

"டிஸ்க்குன்னு ஏதோ எழுதியிருக்கே ஹரி."

"அது எப்பவும் அப்படித்தான் ஏதாவது எழுதும்."

தன்னுடைய ஃப்ளாப்பியைப் போடுவதற்காகப் பட்டனை அழுத்தினான். உள்ளிருந்து என் ஃப்ளாப்பி வெளியே வந்தது, சந்தனப் பொட்டோடு.

"இதுதான் ஹரி! இதுதான் உள்ளே மாட்டிண்டிருந்திருக்கு. எடுத்தாச்சே, இப்ப ஒரு தடவை ஆன் பண்ணிப் பாரேன்."

"ப்ராசஸ் நடுவுல தொடக் கூடாது மன்னி."

"அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போறது?" என்றார் ரங்கராஜன், ஃப்ளாப்பியைச் செருகிய மகானுபாவர். "உன் காப்பி ஒண்ணு இந்த ஃப்ளாப்பில இருக்கோல்லியோ, அப்புறம் என்ன? போய் காபி கலந்துண்டு வா."

போனேன். அந்த ஒன்றுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. திரும்பி வந்தபோது திரையில் எழுபத்தொரு சதவிகிதம் ஓடிக்கொண்டிருந்தது. என் நான்கு வருஷத்தை அது எண்ணி எண்ணித் துடைத்தது.

மத்தியானம் விண்டோஸ் வந்தது, பளிச்சென்று, ஒன்றுமே இல்லாமல். "பாருங்கோ மன்னி, ஷோரூம் பீஸ் மாதிரி ஆயிடுத்து!"

நான் ஃப்ளாப்பியை நீட்டினேன். போட்டான். உள்ளே கரகரவென்று அரைபட்டது. தகட்டுக்குள் வழிந்த சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஹரியின் கை பழக்கதோஷத்தில் மௌஸுக்குப் போயிற்று. அந்தக் கையில் ஒன்று போட்டேன்.

ஈரத்துணி, பஞ்சு, ஊதல் எல்லாம் ஆயிற்று. ஒரு எழுத்துகூட வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஹரி ஆப்டா இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"சரி விடு கோதை," என்றார் என் கணவர். "இன்னிக்கு விஜயதசமி. எதையும் புதுசா ஆரம்பிக்க இதைவிட நல்ல நாள் ஏது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ரொம்ப சரி. வந்து உக்காருங்கோ."

"நானா? எனக்கு டைப்பிங் தெரியாதே!"

"இன்னிக்கு ஆரம்பிங்கோ."

ஹரி பையை எடுத்தான். "மன்னி, எனக்கு ஆபீஸ்ல..."

"தசரா லீவு. அண்ணா பக்கத்துல உக்காந்து எந்த எழுத்து எங்கே இருக்குன்னு காட்டு."

ஞாபகத்தில் சூடு ஆறுவதற்குள் ஐந்தாவது அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். டெப்போ அதிகாரி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினார். ஒரு பக்கம் முடிய நாலு மணியாயிற்று. கழுத்தைத் தடவியபடி கேட்டார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"மத்த நாலு அத்தியாயமும் சேத்து நூத்தி எழுபத்தொம்பது பக்கம்."

"ஒரு வாய் காபி குடிச்சுட்டு வரேனே."

"ப்ராசஸ் நடுவுல எழுந்திருக்கக் கூடாது," என்றேன்.

ஹரி தலையைத் தூக்கவே இல்லை.