இழுத்தால் நிற்கும்

"பின்னால எடுடா! லாரிய வாசல்ல நட்டு வெச்சா உங்கப்பன எந்த வழியா உள்ள கொண்டாறது?"

புருஷனின் அண்ணன், மூத்தார், கத்தியதும் அவள் மகன் எழுந்து போனான். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புருஷன் செத்து ஓர் இரவு போய்விட்டது. உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை.

மகன் லாரியைப் பின்னுக்கு எடுத்துச் சுவரோரம் ஒதுக்கினான். பழைய டீசல் வண்டி. சாவியைத் திருப்பினால் மட்டும் அடங்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவன் இழுத்தான். என்ஜின் இரண்டு உதறு உதறிவிட்டு அணைந்தது. அவன் பார்வை எங்கேயோ இருந்தது. கை மட்டும் தன்பாட்டுக்குப் போய்த் தன்பாட்டுக்கு இழுத்தது.

அவள் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

"ஏம்மா, நான் சொல்லிட்டேன்," என்றார் மூத்தார். முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் நின்றவர். மெதுவாகப் பேசத் தெரியாது. "கார்க் குமிழ அமுக்கினேன், சிக்கிக்கிச்சுங்கறான். என் தம்பி தொட்ட வேலை சிக்காது. உடம்ப எடுக்குறதுக்கு முன்ன அந்தக் காரைத் திறந்து பாக்கப் போறேன். சிக்கியிருந்தா சரி. இல்லேன்னா அவன் அப்பன் முகத்துல முழிக்க வேண்டாம்."

மகன் காதில் அது விழுந்தது. படியில் உட்கார்ந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"அவரு சட்டை ஒண்ணு ஷெட்டுல கெடக்கு. எடுத்துட்டு வரேன்," என்று அவள் பின்பக்கம் போனாள்.

ஷெட்டில் அந்தக் கார் சுவரை முட்டியபடியே நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரும், தரையோடு தரையாகத் தவழும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதைப் புருஷனிடம் வேலைக்கு விட்டிருந்தவருக்கு முழங்கால் பழுது. நீண்ட சாலையில் மிதிக்காமல், கையாலேயே வேகத்தைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்றார். அதற்கென்றே அதில் ஒரு கை ஆக்ஸிலேட்டர் இருந்தது. குமிழை வெளியே இழுத்தால் வேகம் கூடும், உள்ளே தள்ளினால் குறையும்.

முந்தாநாள் புருஷன் அதற்குப் புதுக் கம்பி போட்டபோது மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். மகன் அன்றைக்கு லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான்.

"பாரு, இழுத்தா வருது, தள்ளினா போகுது," என்று பத்துத் தடவை இழுத்துக் காட்டினார். "இந்த வீட்டுல சொன்ன பேச்சு கேக்குற ஒரே ஆளு இதுதான்."

நேற்று மகனை உட்காரவைத்து, முதல் கியரில் காரை ஊர்ந்து வரச் சொல்லிவிட்டு, பானெட்டைக் கழற்றிப்போட்ட என்ஜினுக்குக் காது கொடுத்தபடி பின்னோக்கி நடந்தார். சுவர் கிட்ட வந்ததும் "குறைடா" என்றார். அவள் சமையலறையில் கேட்டது அந்தக் குரலைத்தான். அடுத்து என்ஜின் அலறியது. மகன் பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். குமிழ் கடைசிவரை வெளியே நின்றிருந்தது.

தள்ளினாள். வெண்ணெயில் போவதுபோலப் போனது. கார்புரேட்டரின் நெம்புகோல் டக்கென்று திரும்பி உட்கார்ந்தது. மறுபடி இழுத்தாள், தள்ளினாள். ஒரு குறையும் இல்லை. அவர் வேலை.

பையன் பொய் சொல்லவில்லை. அமுக்கியதாகவேதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். லாரி பழக்கிய கைக்கு நிறுத்துவது என்றால் இழுப்பது.

கழிவு டப்பாவைக் கவிழ்த்துப் பழைய கம்பியைத் தேடி எடுத்தாள். பாதியில் துருவேறி, புரி பிரிந்து, முள்ளு முள்ளாக நின்றது. குமிழுக்கு அடியில் ஒரு திருகு, நெம்புகோலில் ஒரு திருகு. இத்தனை வருஷம் விளக்குப் பிடித்தவளுக்கு அது தெரியாதா? புதுக் கம்பியை உருவிவிட்டுப் பழையதை நுழைத்தாள். பிரிந்த புரி விரலில் ஏறியது. சப்பிக்கொண்டே திருகை முடுக்கினாள். குமிழை இழுத்துவிட்டுத் தள்ளினாள். பாதி போய் நின்றுகொண்டது. நெம்புகோல் அசையவில்லை.

மறுபடி கடைசிவரை இழுக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். பாதியிலேயே இருக்கட்டும். புதுக் கம்பியைச் சுருட்டி எண்ணெய்க் கந்தலுக்குள் திணித்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது, வாசலில் அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அழுகை ஓய்ந்ததும் மூத்தார் ஷெட்டுக்குப் போனார். மகன் பின்னால் போய்க் கதவோரம் நின்றான். கைதி மாதிரி. அவளும் போனாள்.

மூத்தார் இழுத்தார், தள்ளினார், குனிந்து நெம்புகோலைப் பார்த்தார். கம்பியை நகத்தால் கீறினார். விரலில் துரு வந்தது.

"அட சண்டாளா," என்றார் கடைசியில். "துருப்புடிச்ச கம்பிய மாத்தாமலா பெத்த புள்ளைய ஓட்டச் சொன்ன? இதுவா உன் வேல?" அவள் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா இத?"

வீட்டுக்குள் புருஷன் கிடந்தார். நகக்கண் கறுப்பு ஆஸ்பத்திரியில் கழுவியும் போகவில்லை.

"அவசர வேல மாமா," என்றாள். "கடைசியா எல்லாத்துலயும் அவருக்கு அவசரம்தான்."

மூத்தார் மகனின் பிடரியில் கை வைத்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "வுடுடா. உன் மேல தப்பில்ல." அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான். யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தான். அவள் தன் விரல்களைப் புருஷன் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. மூத்தார் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: "லாரிய உள்ள வுட்டுட்டு வந்து ஒரு வாய் சாப்புடுடா."

அவள் தட்டை எடுத்துவைத்தாள். சோறு போட்டாள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. முன்னுக்கு வந்து, வளைந்து, வாசலுக்குள் ஏறி, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது.

என்ஜின் அணையவில்லை.

கரண்டியோடு ஜன்னலுக்குப் போனாள். மகன் ஸ்டீயரிங்குக்குக் கீழே கை நீட்டி உட்கார்ந்திருந்தான். விரல்கள் குமிழைப் பிடித்திருந்தன. இழுக்கவில்லை. குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றான் அவன், டீசல் சும்மாவா வருது?" என்றார் மூத்தார் உள்ளேயிருந்து.

அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து நடுங்கிக்கொண்டிருந்தன.