துரை பார்த்த பக்கம்

இரண்டாயிரத்து ஒன்று தேர்தலில், சுயேச்சை வேட்பாளர் மருதாசலத்துக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்க ஊட்டிக்குப் போனேன். இனிமேல் ஓட்டுகளையெல்லாம் இன்டர்நெட்தான் கொண்டுவரும் என்று அவரிடம் அளந்துவிட்டிருந்தேன். அப்போது எனக்கு வாய் அதிகம். பாவம், மனுஷர் நம்பிவிட்டார்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த நேரம். குந்தா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஃபாக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. ஆள்குறைப்பு என்று பேரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் கருப்பம்மாவைப் படம் பிடித்தேன். சிலோனிலிருந்து வந்த குடும்பம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். தொழிலாளர்கள் வசிக்கும் லயத்துக் குடிதண்ணீர்த் தொட்டியில் பூச்சிமருந்து டிரம்மைக் கழுவுகிறார்கள் என்று படபடவென்று சொன்னாள்.

"பேரு மட்டும் போட்டுறாதீங்க தம்பி. பேர வெட்டிட்டா குடியிருக்கிற காம்பராவும் போச்சு. புள்ளைகளோட எங்க போய் நிக்கிறது?"

"அட, இது அமெரிக்காக்காரன் பார்க்கிறதும்மா. இங்கே யார்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு?" என்று சிரித்தேன்.

பேரில்லாத புகாரை யார் மதிப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு. படம், பேர், எஸ்டேட் எல்லாவற்றையும் போட்டேன். அதோடு விட்டேனா? வெப்சைட் விலாசத்தை நோட்டீஸ் அடித்து, ஃபாக்டரி கேட்டிலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாளில் பார்வையாளர் எண்ணிக்கை நாற்பத்து மூன்று. ஊட்டியில் நான் உட்கார்ந்து வேலை பார்த்த நௌமானின் பிரவுசிங் சென்டரில் அதைக் காட்டிக் குதித்தேன்.

"ஏனுங்க, அதுல முப்பது நீங்கதானுங்களே? வந்ததும் தொறந்து தொறந்து பாக்கறீங்க. பத்து நானு. மிச்சம் மூணு யாருங்க?" என்றான் நௌமான்.

மறுநாள் தெரிந்தது. குந்தா பஸ்ஸில் வந்து இறங்கிய கருப்பம்மா, விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். அந்த எஸ்டேட்டில் இன்டர்நெட் இருந்தது ஒரே ஒரு இடத்தில், ஏல விலை பார்ப்பதற்காக, துரையின் ஆபீசில். மேனேஜர் துரை அவளைக் கூப்பிட்டு அவள் படத்தைக் காட்டி, திங்கட்கிழமைக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

"மன்னிச்சிருங்கம்மா, இப்பவே எடுத்துடறேன்" என்று கீபோர்டில் கை வைத்தேன்.

"கைய எடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"வேணாம் வேணாம்னு சொல்லியும் போட்டீங்களே, பாவி மனுசா! ராத்திரி பூரா ஒங்களத் திட்டித் தீத்தேன். விடிஞ்சதும் லயம் லயமாப் போனேன்."

இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நாற்பத்தோரு பேர். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

"எல்லாரும் அந்தத் தண்ணி குடிக்கிற ஆளுகதான். இவங்க பேரையும் போடுங்க. ஒரு பேர வெட்டலாம். இம்புட்டுப் பேர வெட்டிட்டா கொழுந்த யாரு எடுப்பா?"

"இதை யாருமே பார்க்கிறதில்லம்மா" என்றேன். அந்தத் தேர்தலில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"தொரை பாக்குறாருல்ல? அவரு ஒருத்தரு பாத்தாப் போதும். மனு குடுத்தா கணக்கப்பிள்ளை கிழிச்சுப் போட்டுர்றாரு. இத எப்புடிக் கிழிப்பாரு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உலகத்துக்கே வெப்சைட் போடத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லையே! நாற்பத்தோரு பேரையும் அடித்தேன். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காம்பராவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வியாழக்கிழமை தொட்டியைக் கழுவினார்கள்.

மருதாசலத்துக்கு டெபாசிட் போனது. "அந்தக் கருமத்த மூடித் தொலைங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன், ஆனால் மூடவில்லை. நானும் நௌமானும் அந்தப் பக்கத்தைத் திறப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும், தினமும் காலையில் எண்ணிக்கை ஒன்று கூடிக்கொண்டே இருந்தது.